1574-க்குப் போகும் விண்வெளி உடை

ஜூன் 7, சனி

பிரிஸ்டல் ரென் ஃபேருக்கு இந்த வருஷம் விண்வெளி உடையில் வரப்போகிறேன் என்று சொன்னதும் தம்பி போனிலேயே குதித்தான்.

கெனோஷா பக்கம், இல்லினாய்–விஸ்கான்சின் எல்லையை ஒட்டி, ஜூலையில் தொடங்கி லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வரை வார இறுதிகளில் நடக்கும் ரெனசான்ஸ், அதாவது மறுமலர்ச்சிக் காலத் திருவிழா அது. மரத்தால் எழுப்பிய ஆங்கிலேய ஊர், குதிரை மேலிருந்து ஈட்டியால் மோதிக்கொள்ளும் வீரர்கள், கொல்லுப்பட்டறை, கையில் வான்கோழிக் காலைப் பிடித்துக் கடித்தபடி திரியும் கூட்டம். நானும் அவனும் பல வருஷமாகப் போகிறோம். அவன் மில்வாக்கியில் இருக்கிறான். டியூடர் காலத்து, அதாவது பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து உடையைத் தானே தைத்துப் போடுகிறவன். கழுத்தைச் சுற்றி நிற்கும் அந்த மடிப்புக் காலருக்குக் கஞ்சி போட்டு, சூடான குச்சியில் மடிப்பு மடிப்பாக எடுத்து நிறுத்துவான். ஒரு காலருக்கு ஒரு ராத்திரி போய்விடும்.

"அக்கா, அங்க வர்றவங்க ஒரு நாளாவது வேற காலத்துல இருந்து பாக்கணும்னு வர்றாங்க. நடுவுல நீ ஹெல்மெட்டோட வந்து நின்னா அது உடைஞ்சு போகும்ல?"

நியாயமான கேள்விதான். 'ஜாலிக்குத்தானேடா' என்று சொல்லித் தள்ளிவிட மனசு வரவில்லை. அந்த உடைக்கு அவன் கொட்டுகிற உழைப்பைப் பார்த்தவள் நான். "பதில் சொல்றேன், ஆனா இன்னைக்கு இல்ல" என்று போனை வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பிரிஸ்டல் திருவிழா பொத்தாம்பொதுவான பழைய காலம் இல்லை. அதற்கு ஒரு வருஷம் உண்டு: 1574. முதலாம் எலிசபெத் அரசி இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்துக்கு வந்த வருஷம். பதில் அந்த வருஷத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கிடைத்தது உடைச் சட்டம். 1574 ஜூன் 15 அன்று கிரீனிச்சிலிருந்து அரசி ஒரு பிரகடனம் விட்டார். யார் எந்தத் துணியைப் போடலாம் என்று தட்டுத் தட்டாகப் பிரித்த பட்டியல். ஊதாப் பட்டு, தங்க இழைத் துணி, சேபிள் என்ற சிறு விலங்கின் ரோமம் இவையெல்லாம் அரச குடும்பத்துக்கு. கோமகன், ஏர்ல் போன்ற மேல்மட்டப் பிரபுக்களுக்குச் சட்டை, உள்துணி என்ற அளவில் விலக்கு. தகுதிக்கு மேல் உடுத்தினால் தண்டனை. வெளிநாட்டுச் சரக்குக்குக் காசு வெளியே போகிறது, பிரபுக்களைப் போல உடுத்தப் போய் இளைஞர்கள் கடனாளி ஆகிறார்கள் என்று பிரகடனமே காரணம் சொல்கிறது.

அடுத்தது இன்னும் சுவை. அந்த ஆகஸ்டில் அரசி பிரிஸ்டலுக்கு வந்தபோது ஊரே வேஷம் கட்டியிருக்கிறது. கவிஞரும் போர்வீரருமான தாமஸ் சர்ச்யார்ட் நிகழ்ச்சிகளை அமைத்தார். 'புகழ்' என்ற பாத்திரமாக வேஷம் போட்ட ஒரு சிறுவன் அரசியை வரவேற்றான். கோட்டை கட்டி மூன்று நாள் பொய்ப்போர் நடந்தது. புகழுக்கு ஏது முகம், ஏது கால்? கண்ணால் கண்டிராத ஒன்றுக்கு உடை தைத்து அரசி முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், வெளியூர்க்காரன் வந்து இதைச் செய்வதாவது என்று பொறாமைப்பட்டதால் சில உரைகள் பேசப்படாமலே போயின என்று சர்ச்யார்ட் குறைபட்டு எழுதிவைத்திருக்கிறார்.

தம்பிக்கு இதை அனுப்பினேன். "படிச்சேன். ஆனா புகழ் அவங்க ஊருப் பாத்திரம். உன் ஹெல்மெட் அப்படி இல்லையே" என்று பதில் வந்தது. விடமாட்டான்.

ஜூன் 21, சனி

கிடைத்துவிட்டது!

1572 நவம்பரில், நாற்காலியில் அமர்ந்த அரசியாகச் சொல்லப்படும் காசியோபியா விண்மீன் கூட்டத்தில், அதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில், ஒரு புது நட்சத்திரம் தெரிந்தது. வெள்ளி கிரகத்துக்கு ஈடான வெளிச்சம். கொஞ்ச நாள் பகலிலேயே தெரிந்தது. டென்மார்க்கில் வானியலாளர் டைக்கோ பிராஹே அதை அளந்தார். இங்கிலாந்தில் கணித அறிஞர்கள் ஜான் டீயும் தாமஸ் டிக்ஸும் அளந்து 1573-இல் புத்தகமே போட்டார்கள். நிலவுக்கு அப்பால் வானத்தில் எதுவும் மாறாது என்பதுதான் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த பாடம். இந்த நட்சத்திரமோ நிலவைவிட மிகத் தொலைவில் இருந்துகொண்டு வந்தது, மங்கியது, வெள்ளையிலிருந்து மஞ்சளாகிச் சிவந்தது. 1574 மார்ச் வாக்கில் வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

அதற்கு அடுத்த கோடையில்தான் அரசி பிரிஸ்டலுக்கு வருகிறார். மேலே நிரந்தரம் என்று நம்பியது நிரந்தரம் இல்லை என்று ஊரெல்லாம் பார்த்து முடித்த சமயம் அது. வானத்திலிருந்து ஒருத்தி வந்து இறங்க அதைவிடப் பொருத்தமான கோடை எது?

நான் எந்தப் படத்திலிருந்தும் எந்தத் தொடரிலிருந்தும் வரப்போவதில்லை. அந்த நட்சத்திரத்திலிருந்து வருகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஹெல்மெட் வேலை. கராஜ் கதவைத் திறந்து வைத்து, மாஸ்க் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அங்கேதான்.

வீட்டுக்காரர் என் தலையைச் சுற்றி முதலில் சமையலறை பிளாஸ்டிக் தாளையும் அதன் மேல் மாஸ்கிங் டேப்பையும் ஒட்டி, மார்க்கரால் கோடு போட்டு, காதோரமாகக் கத்தரித்து எடுத்தார். அந்தக் கூட்டைத் துண்டுகளாக வெட்டித் தட்டையாக விரித்தால் அதுதான் பேட்டர்ன். ஹெல்மெட்டின் ஓடு 10 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் (பஞ்சு போன்ற பிளாஸ்டிக் தாள்), மேலே வரும் பட்டைகள் 5 மி.மீ. வளைவு வரும் விளிம்புகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டும்போது நடுவில் பள்ளம் விழும். கத்தியை நான்கைந்து வெட்டுக்கு ஒருமுறை தீட்டினேன். மழுங்கிய கத்தி ஃபோமை வெட்டாது, பிய்க்கும்.

காண்டாக்ட் சிமென்ட் என்ற பசையைப் பூசியதும் ஒட்டக் கூடாது. இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் வராமல் பிசுபிசுக்கும் பதத்துக்குக் காயவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு தொடுதல்தான். வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஒரு புள்ளி, இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளி சேர்த்துவிட்டு, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போனேன்.

எனக்குப் பிடித்த கட்டம் ஹீட் கன், சூடான காற்றை ஊதும் கருவி. சொரசொரப்பாக, துளைத்துளையாக இருக்கும் ஃபோம் மேல் சூட்டைக் காட்டி ஒரே சீராக நகர்த்தினால், துளைகள் மூடி லேசான பளபளப்பு பரவும். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை அது போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும், பயந்து வேகமாக ஓட்டினால் மூடாது. பெயின்ட் முழுக்க உள்ளே இழுக்கும்.

முன்பக்கம் கண்ணாடி போடவில்லை. இது தீர யோசித்த முடிவு. அங்கே வேடம் போட்டு நடிப்பவர்கள் நம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். முகத்தை மறைத்தால் அவர்களுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. துப்பாக்கியும் கிடையாது, இடுப்பில் மாதிரிகள் சேகரிக்கும் பெட்டி ஒன்று மட்டும், நிலத்திலிருந்து கல் எடுத்துப் போட. பிடரியில் பவர் பேங்கோடு ஒரு சின்ன ஃபேன். ஜூலை வெயிலில் அது இல்லாமல் முடியாது.

உடையின் தோள்பட்டையிலும் கழுத்தோரத்திலும் மகளின் பழைய பட்டுப் பாவாடைத் துணியை வைத்துத் தைத்தேன். ஊதாப் பட்டு. தெரிந்தேதான்.

ஜூலை 4, வெள்ளி

லீவு. தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். கிரில் பக்கத்தில் நின்று மறுபடி அதே பேச்சு, ஆனால் இந்த முறை இரண்டு பேருமே கேட்டுப் பேசினோம்.

இந்தத் திருவிழாக்கள் அமெரிக்காவில் எங்கிருந்து முளைத்தன என்று பார்த்தால் அறிவியல் புனைவு ரசிகர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நிற்கிறார்கள். 1963-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் கணவர் ரானும், கே.பி.எஃப்.கே. வானொலிக்கு நிதி திரட்ட முதல் ரெனசான்ஸ் சந்தையை நடத்தினார்கள். மூன்றே வருஷத்தில், 1966 மே தினத்தன்று, பெர்க்லியில் டயானா பாக்ஸன் வீட்டுப் பின்கட்டில் வாளும் கேடயமுமாக ஒரு விருந்து நடந்தது. அதிலிருந்துதான் இடைக்காலத்தை வாழ்ந்து பார்க்கும் அந்தப் பெரிய சங்கம், எஸ்.சி.ஏ., பிறந்தது. அங்கே கூடியவர்களில் பலர் அறிவியல் புனைவு, ஃபேன்டஸி ரசிகர்கள். இன்னும் முன்னால் போனால் 1939, நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைவு மாநாடு. மிர்ட்டில் டக்ளஸ் என்ற ரசிகை தனக்கும் சக ரசிகர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் எதிர்கால உடை தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு இருவரும் தெருவில் நடந்தார்கள். தைத்த பெண்ணின் பெயரைவிட ஆக்கர்மன் பெயர்தான் வெகுகாலம் பேசப்பட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அதனால் அவர் பெயரை முதலில் எழுதுகிறேன்.

"சரிக்கா, உறவு இருக்குன்னு ஒத்துக்கறேன். ஆனா உறவுக்காரங்கன்னா எந்த நேரமும் வீட்டுக்குள்ள வரலாமா?"

"கூப்பிடாம வரமாட்டேன்டா. வாசல்ல நின்னு, அவங்க காலத்துல கதவைத் தட்டுவேன்."

அவன் சிரித்தான். 12-ஆம் தேதி கூடவே வருகிறேன் என்றான், டியூடர் உடையில்.

ஜூலை 12, சனி

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

வாசலில் தம்பியின் வாளை உறையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். என் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள், மாதிரிப் பெட்டியைத் திறந்தார்கள், விட்டார்கள். உள்ளே பத்தடி போயிருப்போம், ஈட்டி பிடித்த காவலர் ஒருவர் குறுக்கே வந்து நின்றார்.

ஹெல்மெட்டை அவர் பார்க்கவே இல்லை. என் தோளைப் பார்த்தார்.

"சீமாட்டி, இது ஊதாப் பட்டா?"

"ஆமாம் ஐயா."

"அரச குடும்பத்தாரா தாங்கள்?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிரகடனம் தெரிந்த மனிதர்! "இல்லை ஐயா. எங்கள் ஊரில் எல்லோரும் ஊதாதான் உடுத்துவோம்" என்றேன். எந்த ஊர் என்றார். "நாற்காலியில் வீற்றிருக்கும் அரசியின் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெளிச்சம் தெரிந்ததே, அங்கே."

காவலர் திரும்பி, கறுப்பு அங்கி போட்ட பெரியவர் ஒருவரை அழைத்தார். அவர் மெதுவாக நடந்து வந்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு கேட்டார்: "அப்படியானால் விளக்கை ஏன் அணைத்தீர்கள்? நான் இன்னும் அளந்து முடிக்கவில்லையே."

எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியவில்லை. சுற்றி ஒரு வட்டமே கூடிவிட்டது. அது விளக்கு இல்லை, ஒரு நட்சத்திரத்தின் சாவு என்றேன். வெகுதொலைவில் வெடித்தது, அதன் வெளிச்சம் உங்களிடம் வந்து சேரத்தான் இத்தனை காலம் ஆனது என்றேன். "செத்தவரின் கடிதம் தாமதமாகக் கிடைத்த மாதிரி" என்றார் அந்தப் பெரியவர், ஒரு நொடிகூட யோசிக்காமல். முன்வரிசையில் இறக்கை கட்டிய ஒரு குட்டித் தேவதை, "அது திரும்ப வருமா?" என்று கேட்டாள். வராது, ஆனால் அதன் புகையும் தூசும் இன்னும் விரிந்துகொண்டே இருக்கும் என்றேன். தொலைநோக்கியில் இன்றைக்கும் பார்க்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. 1574-இல் தொலைநோக்கி ஏது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் காவலர் தீர்ப்புச் சொன்னார்: வேற்று வானத்துத் தூதர் என்பதால் ஊதாவுக்கு அனுமதி, ஆனால் அரசி எதிரே வந்தால் தோளைத் துணியால் மூட வேண்டும். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சணல் துணியை வாங்கி என் கையில் கொடுத்தார்.

மாலையில் அரசியின் ஊர்வலம் வந்தபோது மூடிக்கொண்டேன். தம்பி பக்கத்தில் தலை குனிந்து நின்றான். நானும் குனிந்தேன், ஹெல்மெட்டோடு.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று பார்த்த மற்றவர்களைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும். சிவப்புச் சட்டை போட்ட விண்கப்பல் குழு ஒன்று, கையில் கருவியை நீட்டி வேலிக்கம்பத்தையும் கோழியையும் அக்கறையாக ஆராய்ந்துகொண்டு போனது; ஊர்ப்பெண்ணாக நடித்தவர் அவர்களைப் பேய் ஓட்டுபவர்கள் என்று முடிவுகட்டி வீட்டுக்குக் கூப்பிட்டார். அருமையான ஜோடிப் பொருத்தம். அதற்கு நேர்மாறாக, இடுப்பில் ஸ்பீக்கர் கட்டிப் படத்தின் இசையை ஓடவிட்டபடி ஒருவர் ஈட்டிப் போர்க் களத்தோரம் நின்றார். உடை பிரமாதம், பல மாத வேலை. ஆனால் களத்தில் அறிவிப்பவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. குதிரைகள் வேறு மிரண்டன. அந்த நடிகர்கள் இந்த வெயிலில் கம்பளியும் இரும்பும் சுமந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் கட்டும் காட்சியில் நாம் விருந்தாளி. விருந்தாளி பேசலாம், கேள்வி கேட்கலாம், அதிசயப்படலாம், அதிசயமாக நிற்கலாம். அவர்கள் குரலை மூடக் கூடாது.

தம்பி பயந்தது இதைத்தான். அந்தப் பயம் சரி. பயப்பட வேண்டியது உடையைப் பார்த்து இல்லை என்று மட்டும் நான் சொல்வேன்.

ஜூலை 20, ஞாயிறு

தம்பி காலையிலேயே கூப்பிட்டான். "அக்கா, அந்த டிக்ஸ் நட்சத்திரத்தை எதை வச்சு அளந்தாரு?"

குறுக்குக்கோல் என்றேன். நீளமான ஒரு கோல், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் குறுக்குச் சட்டம். ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, சட்டத்தின் இரு ஓரமும் இரண்டு நட்சத்திரங்களைத் தொடும் வரை நகர்த்தினால், கோலில் போட்ட அளவுக்கோடு கோணத்தைச் சொல்லும்.

லேபர் டே வார இறுதிக்கு அவன் டிக்ஸாக வருகிறான். நான் எங்கே நின்றாலும் கொஞ்சம் தள்ளி நின்று என்னை அளந்துகொண்டே இருப்பானாம், தொலைவு ஏன் பிடிபடவில்லை என்று புலம்பிக்கொண்டே. பேரி மரத்தில் செய்யலாமா, ஓக்கா என்று கேட்டான். பேரி மரம் இழை நுணுக்கமானது, அளவுக்கோடு சுத்தமாக விழும் என்றேன். சனிக்கிழமை மரக்கடைக்குப் போகிறோம்.