ஸ்கேன் அறையில் வீணாகும் நிமிடங்கள்

ஸ்கேன் மையம் தொடங்க நினைப்பவர்கள், நிர்வாகப் பணியில் இருக்கும் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்றுதான். எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, 64 ஸ்லைஸ் சி.டி. போதுமா, புதியதா புதுப்பிக்கப்பட்டதா என்று அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போகும். அது முக்கியமான முடிவுதான். ஆனால் ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் முடிவு. மையம் லாபத்தில் நடக்குமா நட்டத்தில் நடக்குமா என்பதோ, ஒரு நோயாளி அறையை விட்டு வெளியேறி அடுத்தவர் மேசையில் படுக்கும் வரை கழியும் நிமிடங்களைக் கொண்டு அன்றாடம் தீர்மானமாகிறது.

இதற்குக் காரணம் செலவின் அமைப்பு. கடன் தவணை, பராமரிப்பு ஒப்பந்தத் தொகை, வாடகை, சம்பளம் ஆகிய எதுவும் அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பதில்லை. எம்.ஆர்.ஐ.யைப் பொறுத்தவரை மின்கட்டணத்தில் ஒரு பெரும்பகுதிகூட அப்படித்தான். அதன் காந்தச் சுருள் திரவ ஹீலியத்தின் உதவியால் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கப்பட்டிருப்பதால், குளிர்விக்கும் கம்ப்ரசரும் சில்லரும் இரவிலும் விடுமுறையிலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மாறாக, நோயாளி ஒருவர் கூடுதலாக வருவதால் ஏற்படும் செலவு ஊசி, துணி, படம் தெளிவாகத் தெரியச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து, அறிக்கை எழுதுவதற்கான கட்டணம் என்ற அளவிலேயே நின்றுவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை வருபவர்கள் நிலைச்செலவை அடைக்கிறார்கள். அதற்கு மேல் வருபவர்களால்தான் மையத்துக்கு ஏதாவது மிஞ்சுகிறது. காலை 11 மணிக்கான இடம் காலியாகப் போய்விட்டால், அதை எடுத்துவைத்து மறுநாள் விற்க வழியில்லை.

இந்த உண்மையைக் கண்கூடாகக் காட்டுவது, கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திப் படமெடுக்கும் பெட்-சி.டி. அதில் பரவலாகப் பயன்படும் எஃப்.டி.ஜி. மருந்திலுள்ள ஃப்ளூரின்-18 ஐசோடோப்பின் அரை ஆயுள் சுமார் 110 நிமிடங்கள். நோயாளி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால், அவருக்காக வரவழைத்த கதிரியக்கத்தில் பாதிக்கும் மேல் அதற்குள் மறைந்திருக்கும். வந்தவரின் இரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் ஊசியே போடாமல் தள்ளிவைக்க நேரிடும், மருந்து வீண். அதனால்தான் பெட்-சி.டி. நடத்துபவர்கள் முந்தைய நாளே நோயாளியை அழைத்து, சாப்பிடாமல் வருவது, சர்க்கரை மருந்தை எடுத்துக்கொள்ளும் முறை, வந்து சேர வேண்டிய நேரம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ. அறையிலும் இதே அளவுக்குப் பணம் கரைகிறது. கரைவது கண்ணுக்குத் தெரியாததால் அங்கே யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஆய்வுக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 24 இடங்கள் கிடைக்கும். ஒவ்வோர் ஆய்வோடும் ஐந்து நிமிடம் வீணானால் மொத்தம் 120 நிமிடம் போய்விடும். அது நான்கு நோயாளிகளுக்கான நேரம். மேலே சொன்ன செலவு அமைப்பில், அந்த நான்கு பேர் நிலைச்செலவை அடைத்த பிறகு வரக்கூடியவர்கள், அதாவது லாபத்தைக் கொண்டுவரக்கூடியவர்கள். ஐந்து நிமிடம் என்பது யாரும் குறை சொல்லாத தாமதம் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

அந்த நிமிடங்கள் எங்கே போகின்றன என்று அறிய யாரும் அறை வாசலில் கடிகாரத்தோடு நிற்க வேண்டியதில்லை. 1993இல் வெளிவந்த டைகாம் என்ற மருத்துவப் படங்களுக்கான தரநிலையின்படி, ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட நேரமும் பதிவாகிறது. ஒருவரின் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடைப்பட்டது ஸ்கேன் நேரம். அவருடைய கடைசிப் படத்துக்கும் அடுத்தவரின் முதல் படத்துக்கும் இடைப்பட்டது மாற்று நேரம். படங்களைச் சேமித்து வைக்கும் பேக்ஸ் என்ற கணினிச் சேமிப்பகத்திலிருந்து ஒரு மாதத்துக்கான இந்த இரண்டு எண்களையும் எடுத்து வரிசைப்படுத்தினால், வருவாய் அறிக்கையில் தெரியாத பல விஷயங்கள் வெளிப்படும். எந்தக் கிழமையில் காலை முதல் ஆய்வு அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது, உணவு இடைவேளைக்குப் பின் இயந்திரம் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது, ஒரே வகை முழங்கால் ஆய்வு ஒருவர் கையில் 18 நிமிடத்திலும் இன்னொருவர் கையில் 30 நிமிடத்திலும் முடிவது ஏன் என்பன போன்றவை அவை. இந்த எண்களை டெக்னீஷியன்களைக் கண்டிக்கும் ஆயுதமாக்கினால் அடுத்த மாதமே அவை பயனற்றுப் போகும். அவர்களோடு உட்கார்ந்து பார்த்தால் காரணங்களை அவர்களே சொல்வார்கள்.

நான் பார்த்தவரை காரணங்களில் பெரும்பாலானவை ஸ்கேனோடு தொடர்பில்லாதவை. நோயாளி உடை மாற்றவில்லை. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லை. கையில் ஊசிக்குழாய் இன்னும் பொருத்தவில்லை. உடலுக்குள் ஏதோ கருவி இருப்பதாக மேசையில் படுத்த பிறகுதான் சொல்கிறார். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியவர் வேறிடத்தில் இருக்கிறார். இவை எல்லாமே ஸ்கேன் அறைக்கு வெளியே, முந்தையவரின் ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே முடிந்திருக்க வேண்டிய வேலைகள். ஒரு சிறிய தயாரிப்பு அறையும் அதற்கென்று ஓர் உதவியாளரும் இருந்தால் போதும். மையத்தின் மிகக் குறைந்த சம்பளங்களில் ஒன்றான அந்த உதவியாளரின் சம்பளத்தைச் சேமிப்பதற்காக, மிக விலையுயர்ந்த இயந்திரத்தைக் காத்திருக்க வைக்கும் சிக்கனத்தை நான் பல மையங்களில் கண்டிருக்கிறேன்; இதைவிட அதிகச் செலவு வைக்கும் சிக்கனம் இந்தத் தொழிலில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. உலோகப் பொருட்களைப் பற்றிய பாதுகாப்புக் கேள்விகளை மட்டும் எந்த அவசரத்திலும் சுருக்கக் கூடாது. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

சொல்லாமல் வராமல் போகிறவர்களுக்காக ஒரே நேரத்தில் இருவருக்கு முன்பதிவு தரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அல்ட்ராசவுண்டில் அது ஓரளவு செல்லும். எம்.ஆர்.ஐ.யில் இருவருமே வந்துவிட்டால் அன்றைய நாள் முழுவதும் குலைந்துவிடும் என்பதால், குறுகிய நேரத்தில் வரக்கூடியவர்களின் காத்திருப்புப் பட்டியலும் முந்தைய நாள் நினைவூட்டலுமே மேல் என்பது என் கருத்து.

ஸ்கேன் நேரம் நீள்வதற்கு மருத்துவத் தரப்பிலும் ஒரு பங்கு உண்டு. ஓர் அசாதாரண நோயாளிக்காக ஒரு ரேடியாலஜிஸ்ட், அதாவது படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவர், கூடுதலாக ஒரு சீக்வென்ஸை (ஒரு வகைப் படத்தொடரை) சேர்க்கச் சொல்வார். அது அப்படியே நிரந்தரமாகிவிடும். அடுத்த ஆண்டு வேறொருவர் இன்னொன்றைச் சேர்ப்பார். சேர்த்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்த நான்கு நிமிடம் ஒவ்வொரு நோயாளியின் மீதும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ரேடியாலஜிஸ்ட்கள் கூடி, எந்தப் படங்களை அறிக்கை எழுதும்போது உண்மையில் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, தேவையற்றதை நீக்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு மூலம் படத்தை மீளமைத்து ஸ்கேன் நேரத்தைக் கணிசமாகக் குறைக்கும் மென்பொருள்கள் வந்துள்ளன. அவற்றை வாங்கிவிட்டு முன்பதிவு அட்டவணையை மட்டும் பழைய 30 நிமிட இடைவெளியிலேயே வைத்திருக்கும் மையங்களுக்கு, டெக்னீஷியனின் ஓய்வு நேரம் கூடியதைத் தவிர வேறு பயன் இல்லை.

படம் எடுத்து முடித்ததும் பாதி வேலைதான் முடிகிறது. பரிந்துரைத்த மருத்துவருக்குத் தேவை அறிக்கை. அவரைப் பொறுத்தவரை கடிகாரம் அவர் சீட்டு எழுதிய கணத்திலேயே ஓடத் தொடங்குகிறது; நாமோ படம் பேக்ஸில் ஏறிய நேரத்திலிருந்து எண்ணி, நான்கு மணி நேரத்தில் கொடுத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ரேடியாலஜிஸ்டின் நேரம் இயந்திரத்தின் நேரத்தைப் போலவே அழியக்கூடியது. பழைய படங்களைத் தேடுவது, வராத மருத்துவக் குறிப்பைக் கேட்டுத் தொலைபேசியில் காத்திருப்பது, அறிக்கை எப்போது வரும் என்ற விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வது ஆகிய வேலைகளை ஓர் ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைத்தால், ரேடியாலஜிஸ்ட் ஒரு நாளில் எழுதும் அறிக்கைகள் அவசரமில்லாமலேயே கூடும். அறிக்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுக்கும் ஏற்பாட்டில் வேறொரு கோளாறு உண்டு. எளிதான மார்பு எக்ஸ்-ரேக்களும் தலை சி.டி.க்களும் உடனுக்குடன் தீர்ந்துவிடும்; புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சிக்கலான ஆய்வுகள் மாலை வரை பட்டியலில் கிடக்கும். அப்படிக் கிடப்பதற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை. நாம் வைத்த கட்டண முறைதான் காரணம். ஆய்வின் கடினத்துக்கேற்ப எடை கொடுத்து, எழுதுபவர் தேர்ந்தெடுக்க முடியாதபடி மென்பொருளே வரிசையைத் தீர்மானிக்கும்படி செய்தால் இது பெருமளவு சரியாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவே படங்களைப் படித்துவிடும் என்று கருதி, ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சியளிப்பதையே நிறுத்திவிடலாம் என்று அத்துறை விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன் 2016இல் சொன்னதை நம்பி, ஆள் எடுப்பதை யாராவது தள்ளிப்போட்டிருந்தால் இன்று அவர்கள் திண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைச் சற்று நின்று படிக்க வேண்டும். 98 சதவீதம் இயந்திரம் இயங்கும் என்ற உத்தரவாதம் கேட்க நன்றாக இருக்கிறது. மீதமுள்ள இரண்டு சதவீதத்தை ஆண்டின் 365 நாட்களுக்குக் கணக்கிட்டால் ஏழு நாட்களுக்கு மேல் வரும். அந்த ஏழு நாட்களும் தொடர்ச்சியாக வந்தாலும் விற்பனையாளர் ஒப்பந்தத்தை மீறியவராக மாட்டார். கணக்கு 24 மணி நேரத்துக்கா, நாம் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமா. முன்திட்டமிட்ட பராமரிப்பு நேரம் அதில் சேருமா. படம் வருகிறது ஆனால் எம்.ஆர்.ஐ.யில் உடலருகே வைக்கும் சுருள்களில் (coil) ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அது இயங்குவதாகக் கொள்ளப்படுமா என்பவை கையெழுத்துக்கு முன் எழுத்தில் வர வேண்டியவை. சி.டி.யின் எக்ஸ்-ரே குழாயும் எம்.ஆர்.ஐ.யின் ஹீலியமும் ஒப்பந்தத்துக்குள் அடங்குகின்றனவா என்பதும் அப்படித்தான். குழாய் தேயும் பொருள். ஒருநாள் மாற்றியே ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால், மாதந்தோறும் அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்காத மையத்துக்கு அந்த நாள் கடன் வாங்கும் நாளாகிவிடும்.

கட்டணப் பட்டியல் போடும் பிரிவில் கசியும் பணம் பெரும்பாலும் மூன்று தாள்கள் ஒத்துப்போகாததால் கசிகிறது: மருத்துவர் கேட்டது, நாம் செய்தது, கட்டணத்தில் எழுதியது. கான்ட்ராஸ்ட் இல்லாத ஆய்வுக்குக் காப்பீட்டு ஒப்புதல் வாங்கியிருப்போம், அறையில் ரேடியாலஜிஸ்ட் தேவை கருதிக் கான்ட்ராஸ்ட் கொடுக்கச் சொல்வார், கோரிக்கை நிராகரிக்கப்படும். மருத்துவரின் முடிவு சரியானது. அந்த மாற்றம் அதே நாளில் முன்மேசைக்குத் தெரிய வழியில்லாததுதான் தவறு. நிறுவனக் கணக்குகளிலிருந்து வர வேண்டிய தொகை எத்தனை நாட்களாக நிற்கிறது என்ற பட்டியலை, வருவாயைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டும். சம்பளம் கொடுக்க உதவுவது வந்து சேர்ந்த பணம் மட்டுமே.

நோயாளியை அனுப்பும் மருத்துவருக்குப் பங்கு கொடுப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். மருத்துவ ஒழுக்க விதிகளும் அதை ஏற்பதில்லை. வணிகமாக மட்டுமே பார்த்தாலும் அது மோசமான ஏற்பாடு. பங்குக்காக வரும் நோயாளிகள், கூடுதல் பங்கு தரும் இன்னொரு மையம் திறந்த அன்றே போய்விடுவார்கள். சந்தேகம் வந்தால் ரேடியாலஜிஸ்டை நேரடியாக அழைத்துப் பேசலாம், அவசரக் கண்டுபிடிப்பு என்றால் மையமே தன்னை அழைத்துச் சொல்லும் என்ற நம்பிக்கையால் அனுப்பும் மருத்துவர் எளிதில் மாறுவதில்லை. இதற்குச் செலவு ஒரு தொலைபேசி இணைப்பும் ஒழுங்கும்தான்.

காத்திருப்போர் பட்டியல் இரண்டு வாரத்தைத் தாண்டியதும் இரண்டாவது இயந்திரத்தைப் பற்றிய பேச்சு தானாக எழும். அப்போது நான் கேட்பது அந்த மாற்று நேர எண்ணைத்தான். அது இன்னும் பெரிதாக இருக்கிறதென்றால், புதிய இயந்திரம் அதே காலி நிமிடங்களை இன்னோர் அறையிலும் உற்பத்தி செய்யும். இம்முறை கூடுதல் தவணையோடு. மாற்று நேரம் குறைந்து, அட்டவணை நிரம்பி, அதன் பிறகும் பட்டியல் நீண்டிருந்தால் வாங்குவதில் நியாயம் உண்டு. அப்போதும், கடன் விண்ணப்பத்துக்கான கணக்கைப் போடும் தாளிலேயே, கூடுதலாக வரும் படங்களைப் படிக்க வேண்டிய ரேடியாலஜிஸ்டின் ஊதியத்தையும் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இரண்டையும் சேர்த்தபின் கணக்கு நேராகவில்லை என்றால், இருக்கும் இயந்திரத்தையே மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டுவது மலிவு.