கே 8 சோளம் மு 8 ஆன கதை

கோவில்பட்டியில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன வருஷம் கூப்பிட்டார். 2003-இலிருந்து பத்து வருஷம் கரிசல் விவசாயிகளுக்காக ஒரு மாத இதழ் நடத்தியவர். "எல்லாம் சிடியில பத்திரமா இருக்கு தம்பி. நீங்க நெட்ல ஏத்திவிட்டாப் போதும்" என்றார். வெப் டிசைன்தான் எனக்குத் தொழில், தனியாள். பதினெட்டாயிரம் ரூபாய், பத்து நாள் என்று சொல்லிவிட்டேன். முடிக்க இரண்டரை மாசம் ஆயிற்று.

சிடி பத்திரமாகத்தான் இருந்தது. திறப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்கள். என் மடிக்கணினி அவற்றைப் பார்த்து முழித்தது. அச்சகத்து மூலையில் தூசி மூடிக் கிடந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிதான் கைகொடுத்தது. ஒவ்வொரு இதழாகத் திறந்து, எழுத்தை மட்டும் உருவி, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். பதினொரு சிடி சுத்தமாகப் படிக்கவில்லை. அந்த இதழ்களை பைண்டு செய்த தொகுப்பிலிருந்து ஸ்கேன் எடுத்துப் படமாகவே போட்டுவிட்டேன்.

உருவிய எழுத்து முழுக்கப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. டிடிபி சென்டரில் ஒரு வாரம் உட்கார்ந்தவருக்குக்கூட அதைத் தெரியும். வெளியே தமிழ் வேஷம், உள்ளே ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன். 'கை' என்றால் ஐ, எஃப். தாளில் அடிக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. பாமினியை அப்படியே தளத்தோடு சேர்த்து அனுப்பினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூகுளில் தேடினால் கிடைக்காது, வாட்ஸப்பில் ஒட்டினால் குப்பையாகத் தெரியும், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானோ ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றாமல் வழியில்லை.

மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றில் போட்டேன், நொடியில் தமிழாக வந்தது. அண்ணாச்சிக்கு அனுப்பினேன், "அருமை" என்றார். எனக்கும் அருமையாகத்தான் தெரிந்தது. தளத்தைக் கட்டி முடித்து, தேடல் பெட்டி வேலை செய்கிறதா என்று 'மானாவாரி' என்று அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மானாவாரி விவசாயத்துக்கென்றே நடத்திய இதழில் மானாவாரி இல்லையாம்!

அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. அச்சில் 'ரி' என்பதற்கு, துணைக்கால் போட்டு மேலே கொக்கி மாட்டினாலே போதும். பாமினியில் எல்லாரும் அப்படித்தான் அடிப்பார்கள். 'ர்' என்பதற்குக் கால் மேல் ஒரு புள்ளி. யூனிகோடுக்கு வந்த பிறகு அது 'மானாவாாி', 'அவா்கள்'. கண் ஏமாந்துவிடும், தேடல் ஏமாறாது. நல்லவேளை, துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ தமிழில் வரவே வராது. வந்தால் அது ரகரம்தான். இரண்டு வரி விதி எழுதியதும் மொத்தமும் சரியாயிற்று.

அடுத்தது ஔகாரம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. அதனால் 'வெளி' எல்லாம் 'வௌி', 'வெள்ளி' எல்லாம் 'வௌ்ளி'. இணையத்தில் இந்த 'வௌியீடு' எத்தனை இடத்தில் கண்ணில் குத்துகிறது! ஔகாரத்தின் பின்னால் இன்னொரு குறி ஒட்டியிருந்தால் அது ளகரம் என்று இன்னொரு விதி போட்டேன். ஆனால் அண்ணாச்சி கரிசல் பேச்சிலேயே எழுதுபவர். 'வெளச்சல்' என்று எழுதியிருந்தார். அது 'வௌச்சல்' ஆகிவிட்டது. அங்கே என் விதி செல்லாது, 'கௌரவ'த்தையும் தொடக் கூடாதே. அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்று ராத்திரி ஃபோன். "தம்பி, கே 8 சோளம் எனக்குத் தெரியும். இந்த மு 8 சோளம் எந்த ஊர்ச் சரக்கு?"

1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்குக் கே என்று ஆங்கில எழுத்தில் பெயர் தொடங்கும். பாமினியில் பெரிய கே என்றால் 'மு'. கருவிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று எப்படித் தெரியும்? வெறும் எழுத்தாக உருவியபோதே எழுத்துருவின் பெயரைத் தொலைத்துவிட்டேன். மறுபடியும் எக்ஸ்பி முன்னால் உட்கார்ந்து, இந்த முறை எழுத்துருவின் பெயரையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப் ஆக எடுத்து, பாமினி என்று குறி உள்ள துண்டுகளை மட்டும் மாற்றினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. செவ்வாய்க்கிழமை பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரமும் போயிற்று. அச்சகத்து வாசலில் உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

டிசைன் என்று நான் பெருமைப்படும் வேலைக்குக் கடைசியில் நாலு நாள்தான் மிஞ்சியது. முக்தா மலர் எழுத்துரு, வரி உயரம் எழுத்தளவில் 1.8 மடங்கு. ஆங்கிலத்துக்குப் போடும் 1.5-ஐ வைத்தால் மேல்வரியின் 'மு'வும் 'ழு'வும் கீழ்வரியின் கொக்கிகளில் போய் முட்டும். 'மண்வளப்பாதுகாப்புமுறைகள்' என்று ஒரே மூச்சில் எழுதிய தலைப்புகள் சின்ன மொபைலில் திரையைத் தாண்டி ஓடின. இடம்விட்டுப் பிரிக்கலாமா என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டேன். மூணு கோடு போட்ட மெனுவை அண்ணாச்சி ஒரு தடவைகூடத் தொடவில்லை. எடுத்துவிட்டு, 'பழைய இதழ்கள்' என்று எழுத்திலேயே பட்டன் வைத்தேன். சிவப்பும் மஞ்சளும் கேட்டார். மஞ்சளை மட்டும் மறுத்தேன்.

பணத்தை மூன்று தவணையில் ஜிபேயில் போட்டார். கூடுதலாகக் கேட்கவில்லை. கணக்குப் போடத் தெரியாதது என் தப்பு. இப்போதெல்லாம் தமிழ் வேலை என்றால் நான் முதலில் கேட்பது பக்க எண்ணிக்கையை அல்ல, மூல ஃபைலை.

தளம் ஏறி சில வாரம் கழித்து அச்சகத்துக்குப் போயிருந்தேன். ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து "சோளம் குருத்து ஈ" என்றார். அவருடைய 2006 கட்டுரை வந்து நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"தம்பி, மூணாவது வரியில ஒரு எழுத்துப் பிழை இருக்கே?"

பைண்டு தொகுப்பை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். "இது நீங்க அச்சடிச்சதுலயே இருக்கு, அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப கிடக்கட்டும், விடுங்க."