இயற்கை ஆசானா? 32 வரிகளைத் தமிழாக்கிப் பார்த்த அனுபவம்

போன மாதம் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘தி டேபிள்ஸ் டர்ன்ட்’ கவிதையைத் தமிழில் கொண்டுவர வேண்டும். 1798-இல் எழுதியது. நான்கு வரி வீதம் எட்டுப் பத்தி, மொத்தம் 32 வரிதான். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வா, இயற்கையிடம் படி என்று நண்பனைக் கூப்பிடும் கவிதை. கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதை நம்புகிறாயா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் அதைத்தான் கேட்கிறது.

முதல் வாரம்

முதல் இரண்டு பத்திகள் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவதில் லின்னெட், நான்காவதில் த்ராஸ்ல். லின்னெட் நம் பக்கம் இல்லாத சிறு பறவை, பெயரை அப்படியே விட்டேன். த்ராஸ்லுக்குப் பூங்குருவி என்று வைத்தேன். அது சாமானியப் போதகர் இல்லை என்கிறார் கவிஞர். அழகுக்காகச் சொன்னது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தப் பறவையின் குரல் பதிவைத் தேடிக் கேட்டேன். ஒரு சிறு துண்டைப் பாடுகிறது, அதையே இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்கிறது, பிறகுதான் அடுத்ததற்குப் போகிறது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோலவே இருக்கிறது! இவர் காதால் கேட்டு எழுதியவர் என்று தோன்றியதும் அவர்மேல் நம்பிக்கை கூடியது.

அந்தப் பத்தியின் கடைசி வரிதான் கவிதையின் உயிர். ‘ஆசிரியை’ என்றால் பள்ளிக்கூட வாசனை, ‘குரு’ என்றால் மடத்து வாசனை. ‘இயற்கையே உன் ஆசான் ஆகட்டும்’ என்று முடித்தேன். ஆங்கிலத்தில் அடுத்த வரியிலேயே இயற்கை ‘அவள்’ ஆகிவிடுகிறாள். தமிழில் ஆசானுக்குப் பின் அவள் வந்தால் இடறுகிறது. ‘அள்ள அள்ளச் செல்வம் அங்கே உண்டு’ என்று அவள், அது எதுவும் வராமல் எழுதினேன்.

இரண்டாம் வாரம்

ஆறாவது பத்தியில் மாட்டிக்கொண்டேன். ‘இளவேனில் காட்டின் ஒரு தூண்டல், மனிதனைப் பற்றியும் நன்மை தீமை பற்றியும், ஞானிகள் எல்லோரையும்விட அதிகம் கற்றுத் தரும்.’ எழுதிவிட்டேன், ஆனால் கை ஒப்பவில்லை. சரி, செய்து பார்ப்போம் என்று தினமும் சாயங்காலம் அரை மணி நேரம், புத்தகமும் போனும் இல்லாமல் ஏரிக்கரையில் உட்கார ஆரம்பித்தேன்.

மூன்று நாள் வேறு நினைப்பிலேயே போனது. நான்காம் நாள் ஒரு மீன்கொத்தி. ஏழு தடவை பாய்ந்ததில் இரண்டு மீன். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ‘விடாமுயற்சி’ என்று எழுதினேன். மறுநாள் அதை அடித்துவிட்டேன். அந்தச் சொல் பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுபோனது, பறவை சொன்னதில்லை. மீனின் பக்கமிருந்து பார்த்தால் அதே காட்சியில் என்ன நீதி இருக்கிறது?

இதே சந்தேகம் வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பர் கோல்ரிட்ஜுக்கும் வந்திருக்கிறது. 1798-இல் தன் கைக்குழந்தையைப் பார்த்து, நீ ஏரிகளையும் மலைகளையும் பார்த்துக் கற்று வளர்வாய் என்று பாடியவர், 1802-இல் எழுதிய கவிதையில், நாம் கொடுப்பதைத்தான் திரும்பப் பெறுகிறோம், நம் உயிரில்தான் இயற்கை உயிர்வாழ்கிறது என்கிறார். நான்கு வருட இடைவெளிதான். படிக்கும்போது மனம் கனத்தது.

மூன்றாம் வாரம்

வேர்ட்ஸ்வொர்த்தின் நீண்ட கவிதையான ‘தி ப்ரெலூட்’ அவர் இறந்த 1850-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதன் முதல் பாகத்தில் ஒரு படகு வருகிறது. சிறுவனாக இருந்தபோது, ஒரு கோடை இரவில், மரத்தில் கட்டியிருந்த யாருடைய படகையோ அவிழ்த்து ஏரியில் துடுப்புப் போடுகிறார். போகப்போக, கரையோரக் குன்றுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய கரிய சிகரம் எழுந்து அவரைத் துரத்துகிறது. நடுங்கியபடி திரும்பிப் போய்ப் படகைப் பழைய இடத்திலேயே விடுகிறார். அதன்பின் பல நாள் அவர் மனதில் மரமோ வானமோ வயலின் பச்சையோ இல்லை.

சிகரம் எப்படி எழும்? அந்த வகைப் படகில் துடுப்புப் போடுபவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, புறப்பட்ட கரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார். விலக விலக, பக்கத்துக் குன்று தாழ்ந்து பின்னாலிருக்கும் உயர்ந்த மலை தெரிய வரும். மைதானத்தில் பின்னோக்கி நடந்து பார்த்தேன். கட்டடத்துக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கியது. காரணம் தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் தொட்டி என்னைத் துரத்தவில்லை. படகு தன்னுடையது இல்லை என்று அந்தப் பையனுக்கு முன்பே தெரியும், மலை துரத்தியது அதனால்தான். அந்த அறிவை அவனுக்கு வீடோ ஊரோ கொடுத்திருக்க வேண்டும். அதைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது மலை. ஆசான் என்ற சொல்லுக்கு அது போதும் என்று எனக்குப் படுகிறது.

இந்தத் தெளிவோடு ஏழாவது பத்தி ஒரே நாளில் முடிந்தது: ‘அறுத்துப் பார்க்கவே கொல்கிறோம்.’ எட்டாவதில் ஒரு சந்தோஷம். புத்தகத் தாளுக்கும் மர இலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், அதை வைத்துத்தான் ‘காய்க்காத இலைகளை மூடு’ என்கிறார். பனையோலையில் எழுதிய மொழிக்கு இது கஷ்டமே இல்லை, ‘ஏடு’ இருக்கிறது. ‘மலட்டு ஏடுகளை மூடு, பார்க்கவும் வாங்கிக்கொள்ளவும் தெரிந்த நெஞ்சோடு வெளியே வா.’ அந்த நெஞ்சைக் கொண்டுவர வேண்டியவன் மாணவன் என்பதைக் கடைசி இரண்டு வரியில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆறாவது பத்திக்குத் திரும்பினேன். மூலத்தில் இருப்பது ‘கற்றுத் தரலாம்’. அவசரத்தில் ‘கற்றுத் தரும்’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டு வாரம் அவரோடு சண்டை போட்டது அந்த ஒரு விகுதிக்காக. அடித்துத் திருத்தியாயிற்று. ‘தூண்டல்’ மட்டும் இன்னும் சரியாக உட்காரவில்லை. பக்கத்தில் பென்சிலால் ‘சிலிர்ப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.