யாரு சொல்லி வருது இந்தப் பறவை?

நவம்பர் 15

சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் ஒரு பழைய கல் மண்டபம். உள்ளே இலைமூக்கு வௌவால்கள் தொங்குகின்றன. பொழுது அடைந்தது 5.56-க்கு. அதற்குக் கொஞ்சம் முன்னாடியே ஒன்றிரண்டு வௌவால்கள் வாசல்வரை வந்து, ஒரு வட்டம் போட்டு, உள்ளே திரும்பிவிட்டன. திரும்பத் திரும்ப இதே வேலை. வெளிச்சம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகின்றன. முதல் வௌவால் வெளியே பறந்தபோது மணி 6.13. அதன் பின்னாலேயே கூட்டம்.

அவை தொங்கும் மூலையில் பகலிலும் கும்மிருட்டுதான். விடிந்தது, அடைந்தது எதுவும் அங்கே தெரியாது. ஆனாலும் நேரத்துக்கு விழிப்பு வருகிறது. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் அது. 24 மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஓடுமே தவிர, மிகச் சரியாக ஓடாது. தினமும் வெளிச்சத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 24

காலையிலிருந்து மழை. வெளியே போக வழியில்லை, மதுரை ஆய்வை மறுபடி எடுத்து வாசித்தேன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனின் குழு இதே இலைமூக்கு வௌவால்களைக் குகையிலேயே வைத்துப் பார்த்தது. குகையின் இருட்டில் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்தார்கள். அவற்றுக்கு வெளிச்சமே கிடையாது. ஆனால் சுற்றிலும் மற்ற வௌவால்கள் சுதந்திரமாகப் போய்வந்துகொண்டிருந்தவரை, கூண்டில் இருந்தவையும் அதே நேரத்துக்கே விழித்துப் படபடத்தன. வேறு வௌவால் இல்லாத குகைக்குக் கூண்டை மாற்றியதும் பிடி விட்டுப்போனது. ஒவ்வொன்றும் தன் உள்கணக்குப்படி நாளுக்கு நாள் விலகிப் போக ஆரம்பித்தது. 1981-ல் வெளியான ஆய்வு. வாசலுக்குப் போய் வெளிச்சத்தைப் பார்த்து வருகிறவை இருந்தால் போதும், பார்க்காதவையும் நேரம் தெரிந்துகொள்ளும். நம் பக்கத்துக் குகையில், நம் ஊர் வௌவாலை வைத்துக் கண்டுபிடித்தது. இதைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

டிசம்பர் 3

அடைமழை. ஆறரைக்கும் மண்டபத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. மழை விட்டதும் கிளம்பின.

டிசம்பர் 21

வருடத்தின் மிகக் குறுகிய பகல். ஆனால் பொழுது அடைந்தது 6.06-க்கு, கார்த்திகை பிறக்கும்போது இருந்ததைவிடப் பத்து நிமிடம் பிந்தி. நம் பக்கம் அப்படித்தான்: பகல் குறைந்துகொண்டே இருக்கும்போதே மாலை நீள ஆரம்பித்துவிடும். வௌவால்களும் கூடவே பிந்திவிட்டன, 6.24.

வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஐரோப்பாவில் அது பல மணி நேரம். அங்கே பகலின் நீளத்தைப் பார்த்தே பறவைக்கு மாதம் தெரிந்துவிடும். நம் ஊர்ப் பறவைக்கு மாதத்தை யார் சொல்வது?

ஜனவரி 4

நெல்லைப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டியில் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போனேன். கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் குச்சி கொண்டுவந்து கூடு கட்டுகின்றன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "அண்ணாச்சி, இதுக எந்த மாசம் கூடு கட்டும்?" என்று கேட்டேன்.

"மாசமெல்லாம் கிடையாது தம்பி. மணிமுத்தாத்துத் தண்ணி கால்வாய்ல வந்து குளம் பெருகட்டும், தானா கம்பு பொறுக்க ஆரம்பிச்சிரும். தண்ணி வரலைன்னா நாம கும்பிட்டுக் கூப்பிட்டாலும் வராது."

தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. பிரசவத்துக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல்தான் இவர்கள் நாரையைப் பார்க்கிறார்கள்.

குளத்தின் நடுவில் வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடுகள் பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தன. பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும். இருட்டினால் வயலுக்கு மேயப் போகும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறவை. மலையைத் தாண்டும்போதும் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலுமே பறக்கின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், இறக்கைக்குப் பிடிமானம் கூடும்.

வலசைப் பறவைகளின் கணக்கே வேறு. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் என்ற பறவை ஆய்வாளர் 1960-களில், வலசை போகும் சின்னப் பறவைகளான கதிர்க்குருவிகளை வருடக்கணக்காக அறைக்குள் வைத்துப் பார்த்தார். நாள் தவறாமல் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. வெயில், மழை, பருவம் ஒன்றும் கிடையாது. அப்படியும் இறகு உதிர்வதும், இரவில் கிளம்பத் துடிப்பதும் சுமார் ஒரு வருடத்துக்கு ஒருமுறை தானாகவே வந்தன. வருடக் கடிகாரமும் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 19

மறுபடி கூந்தன்குளம். உச்சி வெயில். வாத்துகளைக் காணோம், வடக்கே கிளம்பிவிட்டன. நாரைக் கூடுகளில் குஞ்சுகள். கரைக்குப் பக்கத்து மரத்தில் ஒரு தாய் வெயிலுக்கு முதுகைக் காட்டி, இறக்கையைப் பாதி விரித்தபடி நிற்கிறது. அதன் நிழலுக்குள் மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்து இளைக்கின்றன. அடுத்த கூட்டில் தகப்பனோ தாயோ வந்து இறங்கி, வாயிலிருந்து தண்ணீரைக் குஞ்சுகள்மேல் ஊற்றியது.

குளம் வற்றிக்கொண்டு வருகிறது, மீன் எல்லாம் ஆழம் குறைந்த தண்ணீரில் நெருங்கிக் கிடக்கிறது. குஞ்சுகளுக்குப் பசி அதிகமாக இருக்கும் நேரமும் இதுதான். மழையை வைத்துக் கூடு கட்டியதன் பலன் இப்போது கிடைக்கிறது.

ஒரு கவலையும் உண்டு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மழையைப் பார்த்து நடக்கும் நாரை ஒரு வருடம் கூடு கட்டாமல் இருந்துகொள்ளலாம். வாத்துக்கு அது முடியாது. நம் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மங்கோலியாவில் இருந்துகொண்டு அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே மணி அடித்தால் கிளம்பித்தான் ஆக வேண்டும். மணிமுத்தாறு அணையைத் திறக்கத் தேதி குறிக்கிறவர்கள் நெல்லுக்குக் கணக்குப் பார்க்கும்போது கூந்தன்குளத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், அதுவும் மார்கழிக்கு முன்னால். இதை மனுவாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்க அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.