முழங்கால் மடிப்பு: ஆக்ஸ்பர்க் நாட்குறிப்பு

நவம்பர் 3

பயிற்சியில் என்னோடு மல்லுக்கு நின்ற தோழருடைய முழங்கையிலிருந்து எழுந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 4

தூக்கம் வரவில்லை. நேற்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால் எங்கே தவறினேன் என்பது தெரியலாம். இடைக்கால ஜெர்மன் மற்போர் ஆசானான ஓட் என்பவரின் பாடத்தில் வரும் பிடிதான் அது: எதிராளியின் வலக் கையை இரு கைகளாலும் பற்றி, உடம்பைத் திருப்பி, அந்தக் கையைத் தன் தோள்மேல் ஏற்றி முறிப்பது. பத்து முறை மெதுவாகச் செய்தோம். ஒவ்வொரு முறையும் அவர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், நானும் உடனே விட்டேன். பதினோராவது முறை அவர் உண்மையாகவே எதிர்த்து நின்றார். நான் வெடுக்கென்று திரும்பினேன். தட்டுவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. என்னைவிட இருபது கிலோ கூடுதலான மனிதரை விரைவினால் வென்றுவிடலாம் என்று நினைத்தேன். ஓட் அப்படிச் சொல்லவே இல்லை.

நவம்பர் 5

எலும்பு முறியவில்லை. தசைநாரைப் பற்றி எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் சொல்வார்களாம். அது பதினாறாம் தேதி.

நவம்பர் 7

ரோமில் உள்ள 1452-ஆம் ஆண்டுச் சுவடியின் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஓட் யூதராகப் பிறந்து திருமுழுக்குப் பெற்றவர். ஆஸ்திரியப் பிரபுக்களுக்கு மற்போர் கற்பித்தவர் என்று சுவடிகள் சொல்கின்றன. மற்போருக்குத் திறம், விரைவு, வலிமையை உரிய இடத்தில் செலுத்துதல் ஆகிய மூன்றும் வேண்டும் என்று அவர் தொடங்குகிறார். பிறகு எதிராளிகளை மூவகையாகப் பிரிக்கிறார். உன்னைவிட மெலிந்தவனிடம் முந்திக்கொள். அங்கே விரைவைக் கவனி. சமமானவனிடம் அவனோடு ஒரே கணத்தில் செல். அங்கே தராசைப் போன்ற சமநிலையைக் கவனி. வலியவனிடம் பிந்திச் செல். அங்கே ‘க்னீபுக்’கைக் கவனி.

க்னீபுக் என்றால் முழங்கால் மடிப்பு. யாருடைய முழங்கால்? நான் என் காலை மடித்துத் தாழ வேண்டுமா, அல்லது அவன் முழங்காலின் பின்குழியைத் தேடிப் பிடிக்க வேண்டுமா? அந்தச் சுவடியில் ஓட்டின் பாடத்துக்குப் படமும் இல்லை. இந்த ஒரு சொல்லை ஓராண்டாகத் தள்ளிப்போட்டுவிட்டு, எனக்குப் புரிந்த ‘விரைவு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பாயில் இறங்கியவன் நான்.

நவம்பர் 9

அவரிடமிருந்து செய்தி வந்தது. இடக் கையால் எழுதியிருக்கிறார்; பாதிச் சொற்களில் எழுத்து விழுந்திருந்தது. என்னைக் குறை சொல்லி ஒரு சொல்கூட இல்லை.

நவம்பர் 10

வாலர்ஷ்டைன் என்ற பழைய மற்போர்ச் சுவடியின் படங்களில் இன்று முழங்கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இச்சுவடி இந்நகரப் பல்கலைக்கழக நூலகத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் இதை வைத்திருந்த பவுலுஸ் ஹெக்டர் மையர், இதே ஆக்ஸ்பர்க் நகரின் பொருளாளராக இருந்து, நகரப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1579-இல் தூக்கிலிடப்பட்டார். இந்தச் சுவடி மரபின் பிடிகளைத்தான் ஓவியர் ட்யூரரும் 1512-இல் கோட்டோவியங்களாக வரைந்தார். அவரது 119 மல்லர் இணைகளை 1870-இல் ஆய்வாளர் வாஸ்மன்ஸ்டார்ஃப் அச்சில் கொண்டுவந்தார்.

இத்தனை பேர் கைமாற்றிக் காப்பாற்றியும், நமக்கு வந்து சேர்ந்தது கைகள் மட்டுமே. எந்தக் கையால் எதைப் பிடிப்பது என்று ஏடு சொல்கிறது; உடலின் எடை அந்தக் கணத்தில் எந்தப் பாதத்தில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அதைக் காட்டித்தரும் ஆசான் பரம்பரையும் அறுந்துபோயிற்று. உண்மையாக எதிர்த்து நிற்கும் ஒருவரிடம்தான் அந்த விடுபட்ட வரியைப் படிக்க முடியும். அப்படி நின்றவரின் கையைத்தான் நான் முறுக்கிவிட்டேன்.

நவம்பர் 12

1539-இல் விட்டன்பர்க்கில் அச்சான ஆவர்ஸ்வால்டின் மற்போர் நூலை எடுத்தேன். எண்பத்தைந்து பிடிகள். எழுபது வயதைக் கடந்த தாடிக்காரர் இளைஞன் ஒருவனைப் பக்கம் பக்கமாக வீழ்த்துகிறார். அவர் முகத்தில் அவசரமே இல்லை. நூலை மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 15

மாலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். வலக் கை தூளியில் தொங்கியது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கம்பளத்தை ஓரமாகச் சுருட்டச் சொன்னார். இடக் கையை மட்டும் என் பிடரியில் போட்டு, தன் எடையை மெல்ல மெல்ல என்மேல் இறக்கினார். நான் எதையும் தொடங்கக் கூடாது, அவர் தள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எடை ஏற ஏற என் முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. நான் தாழ்ந்தபோது என் வலக் கை நேராக அவருடைய இடது முழங்காலின் பின்குழியில் போய் நின்றது. இழுக்கவில்லை. அப்படியே இருவரும் நின்றோம்.

அப்படியானால் க்னீபுக் இருவருடையதுமா? அல்லது அவர் வந்துவிட்ட நிம்மதியில் எனக்கு எதுவும் பொருத்தமாகத் தோன்றுகிறதா? நாற்பது முறை செய்து பார்க்காமல் இதை நான் எங்கும் எழுத மாட்டேன்.

நாளை காலை எட்டரைக்கு எம்.ஆர்.ஐ. நானே அழைத்துப் போகிறேன்.