பழைய கணினியை இன்னும் அழிக்கவில்லை

புதுக் கணினிக்கு மாறிவிட்டேன். கோப்புகளை நகர்த்த ஒரு மாலை போதும். மென்பொருள் லைசென்ஸ்களை மாற்றத்தான் 4 நாள் பிடித்தது. அந்த 4 நாளும் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டவை.

போன தடவை அவசரப்பட்டேன். நான் ஒலித் தொகுப்பு செய்கிற மென்பொருளை ஒரே நேரத்தில் 2 கணினிகளில்தான் வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பை ஃபார்மட் செய்து அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டு, புதிதில் லைசென்ஸ் சாவியை (மென்பொருளை வாங்கும்போது தரும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) அடித்தால், 'அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை முடிந்துவிட்டது' என்று வந்து நின்றது. ஃபார்மட் செய்தால் நம்மிடம் இருப்பதுதான் அழியும். அவர்களுடைய சர்வரில் அந்த லேப்டாப் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய ரசீதைத் தேடி எடுத்து, மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி, அந்த இடத்தைத் திரும்ப வாங்க 9 நாள் ஆனது. ஒப்புக்கொண்ட ஒரு வேலையை அந்த வாரம் நண்பரின் கணினியில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன்.

அதனால் இந்த முறை பழைய கணினியிலிருந்துதான் தொடங்கினேன். ஒவ்வொரு மென்பொருளாகத் திறந்து 'டீஆக்டிவேட்', அதாவது அந்தக் கணினியிலிருந்து லைசென்ஸை விடுவிக்கும் கட்டளை, எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பெரும்பாலும் ஹெல்ப் மெனுவில் இருந்தது. இதைச் செய்யும்போது இணையம் இருக்க வேண்டும், இல்லையென்றால் சர்வருக்குச் செய்தி போகாது. கணக்கில் நுழைந்து பயன்படுத்துகிறவற்றுக்கு இந்தச் சிரமம் இல்லை, வெளியேறினால் சரி. லைசென்ஸை யூஎஸ்பி டாங்கிளில் (பென்டிரைவ் மாதிரிச் செருகும் சின்னச் சாதனம்) வைத்திருப்பவை இன்னும் சுலபம், பிடுங்கி இங்கே செருகினேன்.

விண்டோஸ் விஷயம் வேறு. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரை) எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் டிஎல்ஐ என்ற மூன்றெழுத்தும் சேர்த்தால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் 'ஓஇஎம்' என்று இருந்தால் அந்த லைசென்ஸ் கணினியோடு வந்தது, அதோடேயே இருக்கும். 'ரீடெயில்' என்றிருந்தால் பழையதிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதுக்குக் கொண்டுபோகலாம். என்னுடையது ரீடெயில்.

ஆனால் 25 எழுத்துச் சாவி அச்சிட்ட அட்டை மங்கிப்போயிருந்தது. அந்தச் சாவிகளில் ஆங்கில 'ஓ'வும் வராது, பூஜ்யமும் வராது, அந்தக் குழப்பம் மிச்சம். ஆனால் பார்க்க ஒன்றுபோல் இருக்கிற ஆங்கில 'பி'யும் (B) 8-உம் இரண்டுமே வரும். மூன்றாவது கட்டத்தில் இருப்பது எது என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். 8-தான். அப்போதே அட்டையைப் படம் எடுத்து, நோட்டிலும் எழுதி வைத்தேன். அப்புறம், ரசீது வந்த மின்னஞ்சல்களையெல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டேன்.

பழைய கணினி இன்னும் மேசைக்கு அடியில் அப்படியே இருக்கிறது. ஒரு மென்பொருளின் வருடச் சந்தா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அது இங்கே ஒழுங்காகத் திறந்த பிறகுதான் ஃபார்மட்.