பத்திரமாக வைத்ததால் கெட்ட படங்கள்

செம்பூரில் எங்கள் பில்டிங் போன வருஷம் ரீடெவலப்மென்டுக்கு, அதாவது இடித்துப் புதிதாகக் கட்டப் போனது. வாடகை வீட்டுக்கு மாறும் முன் பரணைக் காலி செய்தாகவேண்டும். அப்பா சேர்த்து வைத்த போட்டோக்கள் எல்லாம் அங்கேதான். இறக்கியது ஜூலையில். மும்பை ஜூலையில் டப்பாவுக்குள் இருக்கும் அப்பளமே நமுத்துப்போகும், போட்டோவைத் திறக்க இதைவிட மோசமான மாதம் கிடையாது. பில்டர் மழையைப் பார்த்தா தேதி கொடுப்பார்? ஏசி உள்ள ஒரே அறையை 'டிரை' மோடில் வைத்து, கட்டில் மேல் பழைய வேட்டியை விரித்துப் பெட்டிகளைத் திறந்தேன்.

பிஸ்கட் டின்னில் சும்மா போட்டு வைத்திருந்த, 1950களில் திருநெல்வேலி ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பளிச்சென்று இருந்தன. அப்பா காசு செலவழித்துப் பாதுகாத்தவைதான் போயிருந்தன. அம்மா அப்பா கல்யாணப் படத்துக்கு லேமினேஷன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி பிரிக்க முடியாது. எங்கள் சின்ன வயசுப் படங்கள் எல்லாம் 1980களில் வந்த ஒட்டும் ஆல்பத்தில். பசை மஞ்சளாகி, படம் அட்டையோடு ஒன்றாகியிருந்தது. பூச்சி வரக்கூடாது என்று போட்ட அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. அதன் ஆவி படத்துக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

ஆல்பத்தை முதலில் பக்கம் பக்கமாக அப்படியே ஸ்கேன் செய்துவிட்டேன். பிரிக்கும்போது கிழிந்தாலும் ஒரு பிரதி மிஞ்சுமே. பிறகு பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்தின் மூலையில் நுழைத்து, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் முக்கால்வாசிப் படங்கள் வந்துவிட்டன. வராததை அட்டையோடு சுற்றி வெட்டி எடுத்துக்கொண்டேன்.

தாத்தா படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துத் தருகிறேன் என்றார் ஒரு ஃப்ரேம் கடைக்காரர். எனக்கு மனசு வரவில்லை. படம் நிற்பதே ஜெலட்டின் படலத்தில்தான், தாத்தாவின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கண்ணாடியோடு சேர்த்தே, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கண்ணாடியில் பிரதிபலிக்காமல் இருக்க, லென்ஸ் தவிரக் கேமராவைக் கறுப்புத் துணியால் மறைத்துப் படம் எடுத்தேன். அசல் கண்ணாடியோடுதான் இருக்கிறது.

பூஞ்சணம் பிடித்தவற்றுக்கும் இதே நியாயம். பூஞ்சணம் அந்த ஜெலட்டினைத் தின்று இளக்கி வைத்திருக்கும், ஈரத்துணி பட்டால் படம் துணியோடு வந்துவிடும். தனியாக உலரவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, மழை விட்ட நேரத்தில் பால்கனியில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன்.

நெகட்டிவ் கவர் ஒன்றில் வினிகர் வாடை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையத் தொடங்கினால் அப்படித்தான் அமிலம் கக்கும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதை மட்டும் வேறு டப்பாவுக்கு மாற்றி, முதல் வேலையாக ஸ்கேன் செய்யக் கொடுத்தேன்.

மற்றவற்றை வீட்டிலேயே, ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாக. நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று சுமார் 25 எம்பி வரும். வண்ணப் படங்கள் சிவப்பேறிக் கிடந்தன. கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, இதில் இருப்பது சாயம், இருட்டில் வைத்தாலும் மங்கும். ஸ்கேனில் நிறத்தை ஓரளவு மீட்கலாம். ஒரு ஹார்ட் டிஸ்க் என்னிடம், இன்னொன்று புனேயில் அண்ணனிடம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதைப் பிரதி என்று கணக்கில் வைக்கவேண்டாம், அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்.

பெயர் எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. டோம்பிவிலியில் இருக்கும் அத்தையிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இது உங்க பெரியப்பா இல்லப்பா, அவர்கூட வேலை பார்த்தவரு. பெரியப்பாவுக்கு ஏது இவ்ளோ முடி?" இத்தனை வருஷமும் அவரைப் பெரியப்பா என்றுதான் என் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். பழைய காகிதப் படங்களின் பின்னால் மெல்லிய பென்சிலில், அழுத்தாமல் எழுதினேன். பிளாஸ்டிக் பூச்சுள்ள வண்ணப் படங்களில் பென்சில் பிடிக்காது, கவரில் எழுதிப் பிறகு படத்தை உள்ளே வைத்தேன். அமிலமில்லாத காகிதக் கவர்தான் நல்லது. பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள், வாடை அடிக்கும் பிவிசி வேண்டாம்.

இப்போது எல்லாம் பீரோவின் நடுத்தட்டில், மழை நீர் ஊறும் வெளிச்சுவரை விட்டுத் தள்ளி. பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். அதன் ஆரஞ்சு மணிகள் நிறம் மாறியதும் ஓவனில் சூடாக்கித் திரும்பப் போடுகிறேன். மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றவேண்டியிருக்கிறது.